தன்னைப் போலவே நடந்தவர்

அந்தக் கதவுக்கு மாமியார் என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வருகிறவர்களைத் தலை முதல் கால் வரை பார்க்கும். ஒரு வார்த்தை பேசாது. பிடிக்கவில்லை என்றால் வாசலிலேயே நிற்க வைத்துவிடும். வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

கதவுக்கு அந்தப் பக்கம் குளிரறை. பீரோ உயரத்துக்கு வரிசையாக ஃப்ரீசர்கள். அவற்றுக்குள்ளே தட்டுத் தட்டாக, விரல் நீளக் குழாய்களில், பேர் சொன்னாலே காய்ச்சல் வருகிற மாதிரியான நோய்க்கிருமிகள் உறைந்து கிடக்கும். மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் மாடியில் இருந்து கேட்பார்கள். எடுத்துக் கொடுப்பதும், திரும்ப வைப்பதும், பனி சுரண்டுவதும், எந்த ஃப்ரீசருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதன் சரக்கை இன்னொன்றுக்கு மாற்றுவதும் ஒரே ஆளின் வேலை. அவரை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்பார்கள்.

ஐஸ் அண்ணன் அந்த லேபுக்கு வேலை கேட்டு வந்தவரே இல்லை. முதல் ஃப்ரீசரை மாடிப்படியில் தூக்கி வந்த சுமைக்காரர்களில் ஒருவராக வந்தார். இறக்கி வைத்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். இவர் மட்டும் நின்று, "இது கொஞ்சம் சாஞ்சு நிக்குது சார், அடியில ஒரு அட்டை குடுத்தா சத்தம் போடாது" என்றார். அட்டை வைத்ததும் சத்தம் நின்றது. அன்றிலிருந்து இங்கேயேதான். கொளுத்துகிற வெயிலில் கையில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறுகிற ஒரே மனிதர் அவர்தான். கண்டக்டர், "எங்கண்ணே, மலைக்கா?" என்று கேட்காத நாள் கிடையாது.

ஆரம்பத்தில் குளிரறைக்கு வெறும் பூட்டுதான். சாவி வாட்ச்மேனின் இடுப்புக் கயிற்றில் தொங்கும். அந்த வாட்ச்மேனுக்கு முகத்தில் பாதி மீசை என்பதால் மீசை என்றே கூப்பிட்டார்கள். பிறகு தேய்த்தால் திறக்கிற அட்டை வந்தது. பிறகு கைரேகை வந்தது. குளிரில் விரல் வெடித்துப்போன ஐஸ் அண்ணனைக் கைரேகை இயந்திரம் மனிதனாகவே மதிக்கவில்லை. பிறகு கண், பிறகு முகம். கடைசியில் ஒரு நாள் பாதுகாப்பு அதிகாரி அம்மா எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிரித்தால் சம்பளம் குறைந்துவிடும் என்று நினைக்கிற முகம் அவருக்கு.

"இனிமே திருடன் கடப்பாரையோட வரமாட்டான். உங்க மூஞ்சியோட வருவான்" என்று ஆரம்பித்தார். "கைரேகைய பசையில அச்செடுத்துடலாம். முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரே செஞ்சு குடுத்துடும். உள்ள இருக்கிறதுல ஒரு சொட்டு வெளிய போனா, பக்கத்து வீடு எது, பக்கத்து ஊர் எதுன்னு பாக்காம எல்லாரும் படுத்துடுவாங்க. அதனால இனிமே நீங்க நடக்கிற நடைதான் சாவி. எலும்பு, தசை, பழக்கம் மூணும் சேர்ந்து வர்றது. அதை யாராலயும் திருட முடியாது."

மீசை கையைத் தூக்கினார். "மேடம், ஒருவேளை யாராவது குடிச்சிட்டு வந்தா?"

"கதவு திறக்காது. நான் வருவேன்."

மீசைக்கு அதற்குமேல் சந்தேகம் எதுவும் வரவில்லை.

குளிரறைக்குப் போகிற நடைவழியின் தரைக்கு அடியில் ஏதோ பதித்தார்கள். இரண்டு சுவரிலும் கேமரா வைத்தார்கள். ஒவ்வொருவரையும் பொழுது சாயும்வரை நடக்க விட்டுப் பதிவு செய்தார்கள். இனி அந்த வழியில் நடந்து போனால் போதும். கடைசியில் இருக்கிற மாமியார் பார்த்துப் பச்சை விளக்கு போட்டுத் திறப்பாள். ஐஸ் அண்ணனின் நடை, குளிரறையின் வழுக்குத் தரையில் பழகிய நடை. முதுகு நேராக, காலை அதிகம் தூக்காமல், இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். மாமியாருக்கு மருமகன்களிலேயே இவரைத்தான் ரொம்பப் பிடித்தது. இவர் பாதி வழி வருவதற்குள் பச்சை எரிந்துவிடும்.

அப்புறம் பேத்தி பிறந்தாள்.

அதை எப்படிச் சொல்வது? மகளும் மருமகனும் இவர் வீட்டிலேயே இருந்ததால், ஆஸ்பத்திரியில் இருந்து குழந்தை நேராக இவர் தோளுக்குத்தான் வந்தது. உள்ளங்கை அளவு முகம். அதில் ஊருக்கே நீதி சொல்கிற மாதிரி ஒரு முறைப்பு. அந்தக் குட்டி அம்மாளுக்குத் தொட்டில் ஆகாது, மெத்தை ஆகாது, மடி ஆகாது. இடது தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தால்தான் தூங்குவாள். உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவாள். உட்காரலாமா என்று மனதில் நினைத்தாலே கண்டுபிடித்துவிடுவாள். சும்மா நடந்தாலும் போதாது. இரண்டடிக்கு ஒரு தரம் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்கி, இடுப்பை இந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, கூடவே ஒரு முனகல் போட வேண்டும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஐஸ் அண்ணன்தான். மருமகன் ஒரு முறை அதேபோல் செய்து பார்த்தார். குழந்தை, யாரோ கிள்ளியதுபோல் வீறிட்டது.

அன்று முதல் வேலை முடிந்து வந்தால் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பதே அவர் வாழ்க்கை ஆனது. கண்டக்டரிடம் போட்டோ காட்டினார். டீக்கடையில் காட்டினார். யாரும் இல்லாதபோது ஃப்ரீசர்களுக்கும் காட்டினார்.

ஒரு காலையில் மாமியார் திறக்கவில்லை.

சிவப்பு விளக்கு. கரண்டு கோளாறு என்று நினைத்துத் திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தார். சிவப்பு. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நடந்தார். சிவப்பு.

"என்னண்ணே, வீட்ல ஏதாவது சண்டையா? மாமியார் அம்மா கோவமா இருக்காங்க" என்றார் மீசை.

அதிகாரி அம்மா வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே உங்க நடை மாறிட்டு வந்திருக்கு. இன்னைக்கு அது கோட்டைத் தாண்டிடுச்சு. கால்ல அடி பட்டுச்சா?"

"இல்ல மேடம்."

"ஆபரேஷன் ஏதாவது?"

"இல்லையே."

"மூட்டு வலி?"

"முன்ன விட நல்லா இருக்கேன் மேடம். மாடிப்படியே தெரிய மாட்டேங்குது."

அதிகாரி அம்மா பெருமூச்சு விட்டார். இந்த மனிதருக்கு உதவி செய்யலாம் என்றால் இவர் விட மாட்டேன் என்கிறாரே என்கிற பெருமூச்சு.

"அப்ப புதுசா பதிஞ்சுக்குங்க மேடம்" என்றார் ஐஸ் அண்ணன்.

"திருடனும் இதையேதான் சொல்லுவான். 'என் நடை மாறிப்போச்சு, புதுசா எழுதிக்கோங்க'ன்னு. காரணம் இல்லாம மாத்த முடியாது. வெள்ளிக்கிழமை திரும்ப நடந்து காட்டுங்க. பழைய நடை வந்தா சரி. வரலைன்னா உங்களை இங்க வச்சுக்க எனக்கு அதிகாரம் இல்ல. சரக்கு டெப்போவுக்கு மாத்திடுவாங்க."

டெப்போ வேறு ஊரில் இருந்தது. ராத்திரி ரயிலேறினால் மறுநாள் மதியம் போய்ச் சேரலாம். அங்கே கையுறைப் பெட்டியும் அட்டைப் பெட்டியும் அடுக்கி வைத்திருப்பார்கள்.

"அங்க கதவு எப்படி மேடம்?"

"பூட்டுதான். சாவி குடுப்பாங்க."

அவருக்குப் பூட்டைப் பற்றிக் கவலை இல்லை. அங்கே போய்விட்டால் மாதத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும். ஒரு மாதம் என்பது பெரியவர்களுக்கு ஒரு மாதம். அந்தக் குழந்தைக்கு அது பாதி ஆயுள். திரும்பி வரும்போது, இது யார் புது ஆள் என்று பார்க்கும். கதவுதான் மறந்துவிட்டது என்றால், குழந்தையும் மறந்துவிடுமே.

வெள்ளிக்கிழமைவரை அவர் உள்ளே போகும்போதெல்லாம் மீசை காவலுக்குக் கூடவே போக வேண்டும் என்று உத்தரவு. மீசைக்குக் குளிரறை புதிது. முதல் நாளே மீசையில் பனி கட்டி, இரண்டு பக்கமும் விறைத்து நின்றது. ஐஸ் அண்ணன் துண்டால் மெதுவாகத் துடைத்துவிட்டார்.

வீட்டில் வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவர். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்வார். கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே, "நடையா? நீங்க இப்ப நடக்கிறது நடையா? தண்ணியில போற தோணி மாதிரி இருக்கு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நான் பார்த்தேன்ப்பா" என்றாள் மகள். "நேத்து கடையில இருந்து வர்றப்ப, பால் பாக்கெட்டைத் தோள்ல போட்டுத் தட்டிக் குடுத்துட்டே வந்தீங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முழங்கால் இறக்கமும் இடுப்பு இழுப்பும், குழந்தை தோளில் இல்லாதபோதும் உடம்பிலேயே தங்கிவிட்டன. சரி, பழைய நடையைத் திரும்பக் கொண்டுவருவது என்று வீடே முடிவு செய்தது. ஆனால் பழைய நடை எப்படி இருந்தது? அதில்தான் வந்தது சண்டை.

"கத்திரிக்கோல் மாதிரி விறைப்பா இருக்கும்" என்றார் மனைவி.

"இல்லம்மா, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு வருவார்" என்றாள் மகள்.

மருமகன் தயங்கித் தயங்கி, "மாமா முன்னாடியெல்லாம் நடந்து வந்தா… ஏதோ கேக்க வர்ற மாதிரி இருக்கும்" என்றார்.

"என்ன கேக்க?"

"அது தெரியாது மாமா. நான் எந்திரிச்சு நின்னுடுவேன்."

கடைசியில் மகளின் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிற ஒரு காட்சியில், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஐஸ் அண்ணன் குறுக்கே போகிறார். அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். மனைவி தையல் சாக்கட்டியால் கூடத்துத் தரையில் கோடு போட்டு, எந்த இடத்தில் எந்தக் கால் என்று குறித்தார். ஐஸ் அண்ணன் அதன்மேல் நடந்தார்.

"முழங்கால். முழங்கால் மடங்குது. நேரா வைங்க."

"வச்சிருக்கேன்."

"இடுப்பு யாரைக் கூப்பிடுது அங்க?"

நன்றாக வருகிற நேரத்தில் உள்ளே குழந்தை அழும். அவ்வளவுதான், முழங்கால் தானாக இறங்கிவிடும். மனைவி சாக்கட்டியை நீட்டி உத்தரவு போட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பாவைத் தொடக் கூடாது."

அவர் வாழ்க்கையில் சுமந்த எந்தப் பாரமும் அத்தனை கனமாக இருந்ததில்லை. சாயங்காலம் முழுக்க மருமகன் குழந்தையை வைத்துக்கொண்டு தவிப்பார். குழந்தை தாத்தா இருக்கிற திசையைப் பார்த்துக் கத்தும். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தன் பழைய ஜென்மத்து மனிதனைப் போல விறைப்பாக நடப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரி அம்மா மாடியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். மீசை நடைவழி ஓரமாக நின்றார். ஐஸ் அண்ணன் வீடியோவில் பார்த்தபடியே புறப்பட்டார். முதுகு நேர். முழங்கால் நேர். இடுப்பில் சத்தமில்லை. கையில் நாற்காலிகள் இல்லாததுதான் குறை.

சிவப்பு எரியவில்லை. பச்சையும் எரியவில்லை. இதுவரை யாரும் பார்த்திராத ஊதா விளக்கு ஒன்று எரிந்தது. மணி அலறியது. இரண்டு பக்கமும் இரும்புத் திரை இறங்கி, நடைவழி ஒரு பெட்டியாகிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் ஐஸ் அண்ணனும் மீசையும். சுவரில் எழுத்து ஓடியது: "எச்சரிக்கை. வேறொருவர் இந்த ஊழியரைப் போல நடித்து நடக்கிறார்."

மீசை தடியைத் தூக்கினார். "யார்ரா நீ?"

"டேய், நான்தான்டா."

"திருடனும் அப்படித்தான்டா சொல்லுவான். மேடம் சொல்லியிருக்காங்க. மூஞ்சியெல்லாம் செஞ்சு மாட்டிக்கிட்டு வருவான்னு." தடியை நீட்டினார். "நீ அவர்தான்னா சொல்லு. உள்ள போன முதல் நாள் எனக்கு என்ன ஆச்சு?"

"மீசையில பனி கட்டிச்சு. நான் துண்டால துடைச்சுவிட்டேன். நீ அழுத."

மீசை தடியை இறக்கினார். கேமராவைப் பார்த்து, "மேடம், இது அவர்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அழுததெல்லாம் இல்ல மேடம், கண்ணுல தண்ணி வந்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

திரை ஏறியது. அதிகாரி அம்மா இறங்கி வந்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை.

"நீங்க நடையைப் பழகிட்டு வந்தீங்களா?"

"ஆமா மேடம். ராத்திரி பகலா பழகினேன்."

"யாரோட நடையை?"

"என்னோடதைத்தான்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒருத்தரை மாதிரி நடிச்சு நடக்கிறவனைப் பிடிக்கத்தான் இதை வாங்கினோம். இத்தனை நாள்ல இது பிடிச்ச முதல் ஆள் நீங்கதான். அதுவும் உங்களை மாதிரியே நடிச்சு மாட்டியிருக்கீங்க. நான் மேல என்னன்னு எழுதுவேன்? இயந்திரம் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதவா, செய்யலைன்னு எழுதவா?"

ஐஸ் அண்ணனுக்கு டெப்போவின் அட்டைப் பெட்டிகள் கண்முன் வந்துவிட்டன. "மேடம், பேத்தி பிறந்திருக்கா. தோள்ல போட்டு நடந்து நடந்து இப்படி ஆயிடுச்சு. வேற ஒரு காரணமும் இல்ல. இதைக் காரணம்னு சொல்லலாமான்னு எனக்குத் தெரியல, அதான் அன்னைக்கு சொல்லல" என்றார்.

அதிகாரி அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். "சரி, அந்த நடையை நடந்து காட்டுங்க."

"வெறும் தோள்ல வராது மேடம். நடிக்கிறோம்னு தோணுது."

மீசை ஓடிப்போய், மருந்துப் பெட்டிகளுக்குள் குளிர்ச்சிக்காக வைக்கிற ஜெல் பொட்டலம் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தலைப்பக்கம் எது என்று கேட்டு, சரியாகவே கொடுத்தார். ஐஸ் அண்ணன் அதை இடது தோளில் சாய்த்து, முதுகில் கையை வைத்து, புறப்பட்டார். இரண்டடி. முழங்கால் இறங்கியது. இடுப்பு ஒரு இழுப்பு இழுத்தது. முனகல் தானாக வந்தது. போனார், திரும்பினார், வந்தார். நடைவழியில் சத்தமே இல்லை. மீசை வாயில் விரல் வைத்துக்கொண்டு நின்றார், பொட்டலம் முழித்துவிடும் என்பதுபோல. அதிகாரி அம்மாவின் தோள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என் பையன் வலது தோள்லதான் தூங்குவான்" என்றார் திடீரென்று.

"வலதா? அது கஷ்டமாச்சே மேடம். எல்லா வேலையும் இடது கையால செய்யணுமே."

"ரெண்டு வருஷம் இடது கையாலதான் கையெழுத்தே போட்டேன்."

புதுப் பதிவுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அது காரணம் கேட்டது. அவர் வாய்விட்டே படித்தார். "விபத்து. அறுவை சிகிச்சை. மூட்டு நோய். பிரசவம். அவ்வளவுதான்."

"மற்றவைன்னு ஒண்ணு இருக்குமே மேடம், எல்லாத்துலயும் போடுவாங்களே" என்றார் மீசை.

"திருடன் அதைத்தான் அமுக்குவான்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு ஐஸ் அண்ணன் பக்கம் திரும்பினார். "குழந்தை பிறந்தது நிஜம்தானே?"

"நிஜம் மேடம்."

"உங்க வீட்லதானே?"

"ஆஸ்பத்திரியில மேடம்."

"ஐயா, உங்க குடும்பத்துல பிறந்துச்சா இல்லையா?"

"பிறந்துச்சு மேடம்."

அவர் பிரசவத்தை அமுக்கினார். ஐஸ் அண்ணன் பொட்டலத்தோடும் நடந்தார், பொட்டலம் இல்லாமலும் நடந்தார். மாமியார் பார்த்தாள். பச்சை எரிந்தது. டெப்போ ஒழிந்தது. அன்று மாலை அவர் பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தைப் பதிவு செய்ய எந்த இயந்திரமும் இல்லாதது நல்லதாயிற்று.

திங்கட்கிழமை காலை தோணிபோல ஆடிக்கொண்டு நடைவழியில் போனார். மாமியாருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. பெயர் சொல்லி வரவேற்றாள். ஆனால் திறக்கவில்லை. சுவரில் எழுத்து ஓடியது: "பிரசவமான ஊழியர்கள் கிருமிகள் உள்ள இடத்துக்குள் வரக்கூடாது. உங்களுக்குச் சம்பளத்துடன் ஆறு மாதப் பேறுகால விடுப்பு தொடங்கிவிட்டது. நன்றாக ஓய்வெடுங்கள்."

அவர் நேராக அதிகாரி அம்மாவிடம் போனார். "மேடம், நான் பெக்கல."

"எனக்குத் தெரியும்."

"கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க."

"சொல்லணும்னா தலைமை ஆபீஸுக்கு எழுதணும். அப்ப அந்தக் காரணம் ரத்தாகும். காரணம் ரத்தானா நடை ரத்தாகும். நடை ரத்தானா…"

"டெப்போ."

"டெப்போ."

ஐஸ் அண்ணன் ஸ்வெட்டரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஃப்ரீசருங்கள யார் பாத்துக்குவா?"

அதிகாரி அம்மா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். அங்கே மீசை, எதுவும் தெரியாமல், வெயிலில் சுகமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் இந்தச் செய்தியை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். மனைவி, "இத்தனை வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாம எப்ப மாசமா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தார். மருமகன் வாழ்த்துச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் எழுந்து நின்றார். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எனக்கு என் ஆபீஸ்ல ரெண்டே மாசம்தான் குடுத்தாங்க. அடுத்த வாரம் போகணும், பாப்பாவை எங்க விடுறதுன்னு நான் அழுதுட்டு இருக்கேன். உங்களுக்கு ஆறு மாசமா? பெத்தவ நானாப்பா, நீங்களா?"

"நீதான்மா. நான் அங்கயும் அதைத்தான் சொன்னேன்."

அடுத்த வாரம் மகள் வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது மூன்று முறை திரும்பி வந்து குழந்தையை முகர்ந்தாள். குழந்தை தாத்தாவின் இடது தோளில், உலகத்துக் கதவுகள் எதைப் பற்றியும் கவலை இல்லாமல், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஐஸ் அண்ணனின் போனில் லேபில் இருந்து ஒரு செய்தி வந்தது. தானாக அனுப்புகிற செய்தி. "தாயும் சேயும் நலமா?" என்று கேட்டு, கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் காட்டியது.

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மகள் அதற்குள் மாடிப்படி இறங்கிவிட்டாள். குழந்தையோடு கைப்பிடிச் சுவர்வரை போய், முழிக்காதபடி மெல்லக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ நல்லா இருக்கியா?"

மகள் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கேன்ப்பா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல, போய்ட்டு வா" என்றார். தோளில் இருந்ததன் மூச்சை ஒரு தரம் காது வைத்துக் கேட்டுக்கொண்டு, ஆம் என்பதை அமுக்கினார்.